மனோவியாதியும் சினிமாச் சரித்திரமும்

அமெரிக்கக் கணித நிபுணர் ஜான் நாஷின் வாழ்க்கையைத் தழுவி 2001-ம் வருஷத்தில் வெளிவந்தது ‘எ பியூட்டிஃபுல் மைண்ட்’ என்ற படம். சிறந்த படத்துக்குரிய ஆஸ்கார் பரிசும் அதற்குக் கிடைத்தது. மனச்சிதைவு நோயால் பீடிக்கப்பட்டவரும் மதிக்கத்தக்க மனிதரே என்று உலக ஜனங்களுக்கு அது உணர்த்தியதைப் போற்றுகிறோம். ஆயினும், மெய்யான மனிதர் ஒருவரின் பெயரைத் தாங்கி வரும் படம் அவருடைய வியாதியையும் மெய்யாகக் காட்ட வேண்டாமா?

படத்தில் நாஷ் இல்லாத தோழனையும் இல்லாத சர்க்கார் அதிகாரியையும் கண்ணாரக் காண்கிறார். உண்மையில் அவரை வாட்டியவை காதில் ஒலித்த குரல்களும், தமக்கெதிராகச் சதி நடக்கிறதென்ற எண்ணங்களுமே. குரலைவிட உருவத்தைத் திரையில் காட்டுவது எளிது என்பதை ஒப்புக்கொள்வோம். ஆனால், மகன் தனியே முணுமுணுக்கக் காணும் தாய், படத்தில் கண்ட குறி ஒன்றுமில்லையே என்று வாளாவிருந்துவிட்டால் அந்த நஷ்டத்துக்கு யார் பொறுப்பு?

1994-ல் நோபெல் பரிசு பெறும் சமயத்தில், புதிய மருந்துகளை உட்கொண்டு வருவதாகப் படத்து நாஷ் கூறுகிறார். நிஜ நாஷோ 1970-க்குப் பின் மருந்தையே தொடவில்லை. நோயாளிகள் சிகிச்சையைக் கைவிட்டுவிடலாகாது என்ற நல்லெண்ணம் இம்மாற்றத்துக்குக் காரணமாயிருக்கலாம். இந்நோய் கண்டவரிற் பெரும்பாலோருக்கு மருந்து அவசியம் என்பதில் ஐயமில்லை. அப்படியாயின், இஃது ஒருவருக்கு வாய்த்த அபூர்வம், பிறர் பின்பற்றத் தக்கதன்று என்று உள்ளதைச் சொல்லியே எச்சரித்திருக்கலாமே! நல்ல நோக்கத்துக்குப் பொய்யின் துணை எதற்கு?

இவற்றினும் பெரிய நஷ்டம் ஒன்றுண்டு. நாஷின் மனைவி அலிசியா 1963-ல் விவாகரத்துப் பெற்றார். ஆயினும் 1970-ல், போக்கிடமற்றிருந்த நாஷுக்குத் தம் வீட்டில் இடமளித்தார். 2001-ல் இருவரும் மறுபடி மணம் புரிந்தனர். படமோ விவாகரத்தை அடியோடு மறைத்து, என்றும் பிரியாத பத்தினியாக அவரைக் காட்டுகிறது. தாங்கமுடியாமல் விலகியும், கைவிட மனமின்றிக் கூரையும் சோறும் அளித்த அம்மாதரசியின் கருணை, கற்பனைப் பத்தினியின் கருணைக்கு எவ்வகையில் குறைந்தது? இந்நோயுடன் போராடித் தளர்ந்த குடும்பங்கள் எத்தனை! தளர்வது பாவமன்று, தளர்ந்த பின்னும் உதவலாம் என்ற ஆறுதலை அல்லவா அவர்கள் இழந்தார்கள்?

வாழ்க்கைச் சரித்திரத்தைப் படமாக்குவோர் காலத்தைச் சுருக்கட்டும், காட்சிகளைக் கூட்டட்டும். வியாதியின் தன்மையையும், அதனைத் தாங்கினோரின் பாட்டையும் மாற்றலாகாது. அவை நாஷ் ஒருவருக்கு மட்டும் சொந்தமானவையல்ல. அதே துன்பத்தை இன்று வீட்டுக்குள் மறைத்து வைத்திருக்கும் எண்ணற்ற குடும்பங்களுக்கும் சொந்தமானவை.