மன்றத்துக்கு ஒளி! மக்களுக்கு?

சட்டம் செய்திடும் மாமன்றத்திலே காற்றைத் தூய்மையாக்க ஒரு விளக்கு! 2021-ஆம் ஆண்டு வெளிவந்த செய்தி இது. கொரோனாக் கொடுமை நாட்டை வாட்டி வதைத்த அந்த ஆண்டிலே, சண்டிகரில் உள்ள அரசு ஆய்வகத்தார் உருவாக்கிய புறஊதாக் கதிர்க் கருவியை, நாடாளுமன்றத்தின் மைய மண்டபத்திலும் மக்களவைக் கூடத்திலும் பொருத்திட ஏற்பாடு செய்தனர். குளிர்காற்று வரும் குழாயிலேயே கதிர் பாய்ந்து கிருமியை ஒழித்துவிடும். உறுப்பினர்கள் அச்சமின்றி மூச்சு விடலாம்.

வேண்டாம் என்றா கூறுகிறோம்? இல்லை, தோழர்களே! நல்லது செய்தனர், பாராட்டுகிறோம். பாராட்டிய அதே வாயால் ஒன்று கேட்கிறோம். மாமன்றத்தில் அமர்வோர் மூக்குக்கு ஒரு காற்று. மருத்துவமனைக் கூடத்திலே சீட்டைக் கையில் பிடித்தபடி விடியற்காலை முதல் காத்துக் கிடப்போர் மூக்குக்கு வேறொரு காற்றா?

இந்த விளக்கு மாயமுமல்ல, மந்திரமுமல்ல. பகலவன் ஒளியிலே கிருமி சாகிறது என்பதை டவுன்ஸ், பிளண்ட் எனும் இரு ஆங்கிலேய ஆய்வாளர்கள் 1877-லேயே காட்டினர். ஒளியின் குடும்பத்திலே நம் கண்ணுக்குப் புலப்படாத பிள்ளை ஒன்று உண்டு. அதுவே புறஊதாக் கதிர். பாதரச ஆவி விளக்கு தரும் 254 நானோமீட்டர் அலைநீளக் கதிர், கிருமியின் உள்ளே இருக்கும் மரபுப் பொருளைச் சிதைக்கிறது. சிதைந்த கிருமி பெருக முடியாது. பெருக முடியாத கிருமி நோய் தர முடியாது. கணக்கு அவ்வளவுதான்!

விளக்கை ஆளுயரத்துக்கு மேலே, ஏழடிக்குக் குறையாமல், கதிர் கீழே இறங்காதபடி தடுப்பு வைத்துப் பொருத்துவர். மாந்தர் விடும் மூச்சு வெப்பமானது, மேலே எழும். மின்விசிறியும் துணை செய்யும். மேலே சென்ற காற்று கதிரிலே குளித்துவிட்டுக் கீழே வரும்.

இது நேற்று முளைத்த எண்ணமல்ல. அமெரிக்க அறிஞர் வில்லியம் வெல்ஸ், இருமும்போது தெறிக்கும் துளிகளிலே மிகச் சிறியவை தரையில் விழாமல், உலர்ந்து காற்றிலே மிதந்து திரியும் என்று 1934-ல் எடுத்துரைத்தார். 1937 முதல் பிலடெல்பியாப் பகுதிப் பள்ளிகளின் வகுப்பறைகளிலே விளக்குகளை ஏற்றினார். 1941-ல் தட்டம்மை பாய்ந்து வந்தது. விளக்கில்லா வகுப்புகளிலே, முன்பு அம்மை காணாத பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோர் படுத்தனர். விளக்கிருந்த வகுப்புகளிலே நூற்றுக்குப் பதினைந்து பேர்கூட இல்லை!

வெற்றி என்றனர். வேறு ஊர்களிலும் செய்து பார்த்தனர். நியூயார்க் மாநிலத்து நாட்டுப்புறப் பள்ளிகளிலே விளக்கு ஏற்றினர். லண்டனை அடுத்த சௌத்தாலிலும் ஏற்றினர். அந்த வெற்றி அங்கு கிட்டவில்லை. ஏன்? கதிர் பொய்த்ததா? இல்லை! வகுப்பறையில் விளக்கு இருந்தது. பிள்ளைகள் நெருக்கியடித்து ஏறிச் சென்ற பேருந்திலே இல்லை. பள்ளியில் காப்பு இருந்தது. அவர்கள் கூடிக் கலந்த மற்ற இடங்களிலே இல்லை. ஒரு வாசலைப் பூட்டிவிட்டு, ஒன்பது வாசலைத் திறந்து வைத்தால் திருடன் திரும்பியா போவான்?

இந்தப் பாடத்தைத்தான் நாம் பெரிதும் மதிக்கிறோம். காற்றிலே தனியுடைமை கிடையாது! ஒரு மண்டபத்தை மட்டும் காத்து, ஊரை மறந்தால், அந்த மண்டபமும் தப்பாது. உறுப்பினர் வெளியே வருவார்; அவருடைய காரோட்டியின் மூச்சும் அவர் மூச்சும் ஒரே காரிலே கலக்கும்.

கதிரின் வலிமையிலே ஐயமிருப்போர் பால்டிமோரைப் பார்க்கட்டும். 1950-களின் பிற்பகுதியிலே, அந்நகரின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில், காசநோயாளிகள் இருந்த அறைகளின் காற்றை, மாடியிலே வளர்த்த கினிப்பன்றிகளுக்குச் செலுத்தினர். அக்காற்றைச் சுவாசித்தவை நோயுற்றன. பின்னர், கதிரிலே குளிப்பாட்டிய காற்றை வேறொரு கூட்டத்துக்குச் செலுத்தினர். அவற்றில் ஒன்றுகூட நோயுறவில்லை! உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். நமக்கல்லாமல் வேறு யாருக்கு வேண்டும் இந்த விளக்கு?

ஆனால், விளக்கு என்றதும் கடைவீதிக்கு ஓடிட வேண்டாம். அச்சம் பரவும்போது வணிகர் சிலருக்கு அறுவடைக் காலம்! கையடக்கப் பெட்டி ஒன்றைக் காட்டி, கூடம் முழுவதும் தூய்மையாகும் என்பார்கள். பெட்டிக்குள்ளே மணிக்கு எவ்வளவு காற்று நுழைந்து வெளிவருகிறது என்று கேளுங்கள். பெரிய கூடத்துக்குச் சிறிய பெட்டி, ஏரியை இறைக்க ஏற்றிய குவளை. சில விளக்குகள் ஓசோன் வாயுவைக் கக்கும். அது நுரையீரலுக்குப் பகை. கதிர் நேரே பட்டால் கண்ணும் தோலும் புண்ணாகும். ஆகவே, அறிந்தவர் பொருத்த வேண்டும். அளந்து பார்க்க வேண்டும். ஒளி குன்றிய விளக்கை மாற்ற வேண்டும்.

பஞ்சாலைத் தோழர்களுக்குத் தனியே ஒரு சொல். இந்தக் கதிர் கிருமியைத்தான் ஒழிக்கும். பஞ்சுத் தூசியை ஒழிக்காது, புகையையும் ஒழிக்காது. விளக்கொன்றை மாட்டிவிட்டு, "காற்று சுத்தம்" என்று முதலாளி கூறினால் நம்பிவிடாதீர்கள். தூசிக்கு உறிஞ்சும் கருவி வேண்டும், வடிகட்டி வேண்டும். அதைக் கேட்டுப் பெறுங்கள்.

சன்னலையும் மறந்திட வேண்டாம். தாம்பரத்திலே 1928-ல் காசநோய் மருத்துவமனை எழுந்தபோது, அந்நோயைத் தீர்க்கும் மருந்து உலகிலேயே இல்லை. நல்ல காற்றையும் வெளிச்சத்தையும் நம்பிய காலம் அது. பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளை ஆராய்ந்து 2007-ல் கண்ட உண்மை என்ன தெரியுமா? உயர்ந்த கூரையும் அகன்ற சன்னலும் கொண்ட பழங்காலக் கூடங்களே, புதுப்பாணிக் கட்டடங்களைவிடக் காற்றோட்டத்தில் சிறந்தவை! திறக்கும் சன்னலுக்கு மின்கட்டணம் இல்லை. திறக்க வழியில்லாத இடத்திலே, கூட்டம் குறையாத இடத்திலே, விளக்கு வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். முதல் விளக்கு அரசு மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்துக்கு! அடுத்தது காசநோய்ப் பிரிவுக்கு! அதற்கடுத்து மாணவர் விடுதிக்கும், சிறைக்கூடத்துக்கும், வீடற்றோர் இரவிலே ஒடுங்கும் உறைவிடத்துக்கும்! சங்கக் கூட்டத்திலே பேசுங்கள். நகர்மன்ற உறுப்பினரிடம் மனுக் கொடுங்கள். மருத்துவமனைக்குச் செல்லும்போது, அடைத்துக் கிடக்கும் சன்னலை ஏன் திறக்கவில்லை என்று கேளுங்கள்.

குடிநீர் பொதுவாக வேண்டும் என்று கேட்டோம், குழாய் வந்தது. தெருவுக்கு வெளிச்சம் கேட்டோம், கம்பம் வந்தது. இனி மூச்சுக் காற்றுக்காகவும் கேட்போம். மாமன்றத்தில் ஏறிய விளக்கு மக்கள் கூடும் மன்றங்களிலும் ஏறட்டும்!