கழற்றிய பேரிங்கைக் காட்டுங்கள்

எஞ்சினில் பேரிங் அடித்துவிட்டதென்று பட்டறையிலிருந்து செய்தி வரும்போது, செலவு எவ்வளவு என்றும் வண்டி என்றைக்குக் கிடைக்கும் என்றும் விசாரிக்கிற வண்டிக்காரர், எதனால் அடித்தது என்று மாத்திரம் பெரும்பாலும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு விடை காணாமல், சென்னைப் புதுப்பேட்டையிலோ வேறு ஊர்களின் பழைய சாமான் கடைத்தெருக்களிலோ ஒரு கிராங்க் ஷாப்டை வாங்கி வந்து, புதிய பேரிங் போட்டு மூடிவிடுகிற வேலை, சில மாதங்களுக்குள் அதே எஞ்சினை மறுபடியும் பிரிப்பதில் முடிகிறது.

பழைய உதிரிபாகங்களை நான் குறைகூறவில்லை. பழுதற்ற இரும்பை உருக்கப் போடுவதைவிட மீண்டும் உழைக்க வைப்பதே சிக்கனமும் நியாயமும் ஆகும். ஆனால் அதன் யோக்கியதையை நிர்ணயிக்க வேண்டியது, கடைக்காரரின் வாக்கன்று, கருவியால் எடுத்த அளவே என்பது என் திடமான அபிப்பிராயம்.

கிராங்க் ஷாப்ட் பேரிங்கின்மேல் சுழல்கிறதென்று பேச்சுவழக்கில் சொன்னாலும், உண்மையில் அவ்விரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி நடுவே ஆயில் படலம் நின்று பாரத்தைத் தாங்குகிறது. அதற்கென விடப்படும் இடைவெளி பெரும்பாலான கார்களில் சுமார் 0.02 முதல் 0.06 மில்லிமீட்டர் வரை, அதாவது ஒரு தலைமயிரின் கனத்துக்கு உட்பட்டே இருக்கும். ஆயில் வற்றினாலும், அதில் அழுக்கேறினாலும், கனெக்டிங் ராடு வளைந்தாலும் அப்படலம் அறுந்து உலோகத்தோடு உலோகம் உரசுகிறது. உரசலின் காரணத்தை, கழற்றிய பேரிங் தகடே பிரத்தியட்சமாகக் காட்டும்.

எஃகு முதுகின்மேல் செம்பும் ஈயமும் கலந்த உலோகமும், அதற்கும் மேலே மெல்லிய சாம்பல் நிறப் பூச்சும் கொண்ட தகட்டில், பூச்சு ஒரே சீராகத் தேய்ந்து நடுவே செம்பு தலைகாட்டினால், அது வெகுநாள் ஓடியதன் தேய்மானம். சுழலும் திசையிலே கீறல்கள் ஓடி, அவற்றிடையே துகள்கள் பதிந்திருந்தால், ஆயிலோடு அழுக்கும் வந்திருக்கிறது. முகம் கறுத்து, உலோகம் இளகி ஓரத்துக்கு வழிந்திருந்தால், ஆயிலே வந்து சேரவில்லை. மேல் தகட்டில் ஓர் ஓரமும் கீழ்த் தகட்டில் அதற்கு எதிரோரமும் மாத்திரம் தேய்ந்திருந்தால், ராடு வளைந்திருக்கிறது. வெள்ளத்தில் நின்ற வண்டியைச் சிலிண்டருக்குள் நீர் இருப்பதறியாமல் ஸ்டார்ட் செய்தால், நீர் அமுங்காத காரணத்தால் ராடு வளைந்துபோகும் என்பதைச் சென்னைப் பட்டறைகள் 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் நன்றாகவே அறியும். தகட்டின் முதுகு மெருகேறிப் பளபளத்தால், அது தன் இருக்கையில் இறுகி நில்லாமல் அசைந்திருக்கிறது. இவ்வளவையும் சொல்லவல்ல தகடுகளை, எது எந்தச் சிலிண்டருக்குரியது என்றுகூடக் குறித்துவைக்காமல் ஒரே டப்பாவில் கொட்டி, பழைய இரும்போடு எடைக்குப் போட்டுவிடும் வழக்கம் நம் பட்டறைகள் பலவற்றில் இருந்துவருகிறது. இந்த வழக்கம் ஒழிய வேண்டும்.

கிராங்க் ஷாப்டைப் பரீட்சிக்கும் அனுபவசாலியான மெக்கானிக், முதலில் பேரிங்குக்குள் சுழலும் பகுதியான ஜர்னலின் குறுக்கே நகத்தால் வருடிப் பார்ப்பார். நகம் தட்டினால் கிரைண்டிங் செய்யாமல் உதவாது என்ற அவருடைய முடிவு சரியே. எனினும், நகம் தட்டாததெல்லாம் நல்ல ஜர்னல் என்று அதனால் ஏற்பட்டுவிடாது. சில சிறு கார்களின் கையேடுகள் ஜர்னலின் வட்டத்தில் அனுமதிக்கும் கோணல் 0.01 மில்லிமீட்டரே ஆகையால், வெர்னியரை நம்பாமல், மைக்ரோமீட்டரைக் கொண்டு இரு ஓரங்களிலும் குறுக்கும் நெடுக்குமாக அளந்தே தீர வேண்டும். நீலம் பாய்ந்த ஜர்னல் கடுஞ்சூடு கண்டது. காந்தமேற்றி இரும்புப்பொடி தூவிச் செய்யும் வெடிப்புச் சோதனையில் தேறாமல் அதை வண்டியில் ஏற்றலாகாது. முன்பே கிரைண்டிங் செய்யப்பட்டதா என்று அறிய, அதனோடு வந்த பழைய தகட்டைத் திருப்பி முதுகைப் பாருங்கள். செய்யப்பட்டிருந்தால், 0.25, 0.50 என்பன போன்ற எண்கள் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். ஜர்னல் பக்கச்சுவரோடு சேருமிடத்தில் இருக்க வேண்டிய சிறு வளைவைக் கிரைண்டிங் செய்தவர் கவனியாமல் நேர்மூலையாக விட்டிருந்தால், கிராங்க் பிற்பாடு அந்த மூலையிலேயே முறியும்.

பேரிங் தன் இருக்கையிலேயே சுற்றிப்போன ராடை, அதன் துளை வட்டம் தவறாமல் இருக்கிறதென்று அளந்து பார்த்தாலன்றி மீண்டும் போடக்கூடாது. இக்காலத்து ராடுகள் பல, ஒரே துண்டாகச் செய்து பின் உடைத்துப் பிரிக்கப்பட்டவையாதலால், ஒன்றின் மூடி மற்றொன்றுக்குப் பொருந்தாது. பிளாக்கின் மெயின் பேரிங் மூடிகளும் இவ்வாறே அந்தந்த பிளாக்கோடு சேர்த்துத் துளையிடப்பட்டவை.

பேரிங் அடித்த எஞ்சினில் உலோகப்பொடி போகாத ஆயில் வழி கிடையாது. பிளாக்கின் ஆயில் வழிகளை அடைத்திருக்கும் பிளக்குகளைக் கழற்றி, பிரஷ் விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். உள்ளே நெளிந்து நெளிந்து செல்லும் வழிகளையுடைய ஆயில் கூலரை எவ்வளவு கழுவினாலும் நம்ப முடியாதாகையால், அதை மாற்றிவிடுவதே உத்தமம். பழைய எஞ்சினோடு 'எல்லாம் சேர்த்து' மலிவாகக் கிடைக்கும் கூலரும் பம்பும் டர்போவும், இந்த ஒரு காரணத்தினாலேயே மலிவல்ல.

உதிரிபாகத்தை அடையாளம் காண்பதிலும் ஜாக்கிரதை தேவை. பியட்டின் 1248 சி.சி. டீசல் எஞ்சின், மாருதி ஸ்விப்டிலும் டாடா இண்டிகா விஸ்டாவிலும் பியட் புன்டோவிலும் ஓடியது. அதனால் சாமான் தாராளமாகக் கிடைப்பது உண்மையே. ஆயினும் அதிலேயே 75 குதிரைத்திறன், 90 குதிரைத்திறன் என்ற பிரிவுகளும், அவற்றுக்கேற்ப வெவ்வேறு டர்போக்களும் உண்டாதலால், வண்டியின் பெயரைச் சொல்லி வாங்காமல், பாகத்தின் மேலுள்ள எண்ணைப் பார்த்து வாங்குவதே முறை. பிளாக்கையே மாற்றுவோர், எஞ்சின் எண்ணும் மாறிவிடுகிறபடியால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

பட்டறை நடத்துவோருக்கு என் வேண்டுகோள் இரண்டே. கழற்றிய பேரிங் தகடுகளைச் சிலிண்டர் வரிசைப்படி எண்ணிட்டு வண்டிக்காரரிடம் காட்டுங்கள். வாங்கிப் போடும் பழைய பாகத்தின் அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வண்டிக்காரர்களே, அவ்விரண்டையும் பார்க்கும்வரையில் எஞ்சினை மூடச் சம்மதியாதீர்கள்.