தொலைநோக்கிக்கு மொட்டை மாடி ஆகாது

"மொட்டை மாடியிலேயே தூணைக் கட்டிடுங்க, தோட்டத்துல எதுக்குக் குழி?" என்று ஆளாளுக்குப் புத்தி சொல்கிறார்கள். ஐயா, 200 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி ஆட்டத்தையும் 200 மடங்கு பெரிதாக்கும். கீழே ஒருத்தர் கதவைச் சாத்தினால் மேலே வியாழன் குதிக்கும். பகலெல்லாம் வெயில் குடித்த தளம் ராத்திரி சூட்டைக் கக்கும், கிரகம் நெளியும்.

தூண் தரையிலிருந்துதான் எழும்பணும். எங்க கரிசல் மண் மழைக்கு உப்பும், கோடைக்கு வெடிக்கும். வெடிப்பு இறங்காத ஆழம் வரை தோண்டி, கம்பி கட்டி கான்கிரீட் போடணும். அறையின் தளம் தூணைத் தொடவே கூடாது. சுற்றி ஒரு அங்குலம் இடைவெளி விடணும். அப்பத்தான் நாம நடக்கிற அதிர்வு தூணில் ஏறாது.

கண்ணாடிக்குக் காசைக் கொட்டிவிட்டுக் குழிக்குக் கணக்குப் பார்ப்பது, நல்ல மாடு வாங்கி ஆடுற முளைக்குச்சியில கட்டுற கதைதான்.