உங்கட முதல் மாட் தமிழில இருக்கட்டும்

இந்த வார எபிசோடில கேம் மாட் பற்றிக் கதைச்சம். (மாடு இல்லை, மாட்!) நேரம் போதாமல் விட்டுப்போன விஷயம் ஒண்டை இங்க எழுதுறன்.

ஸ்கார்பரோவில பிள்ளை பிசிக்கு முன்னால குந்தினால், "உது எப்ப முடியும்?" எண்டுதான் வீட்டில கேள்வி வரும். நான் கேட்கச் சொல்லுறது வேற: "இந்த கேமில நீ எதை மாத்தப்போறாய்?"

இது வெறும் கதையில்லை. வியட்நாமியக் கனடியரான மின் லே, பிரிட்டிஷ் கொலம்பியாவில் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, ஜெஸ் கிளிஃபுடன் சேர்ந்து 1999இல் ஹாஃப்-லைஃப் கேமுக்கு ஒரு மாட் வெளியிட்டார். அதுதான் கவுண்டர்-ஸ்ட்ரைக். அடுத்த வருசமே வால்வ் நிறுவனம் அதைத் தன் கேமாக விற்கத் தொடங்கியது. அதுக்கு முதல் அவர் குவேக் கேமுக்கு மாட் செய்து பழகியவர்.

பிள்ளைகள் எங்க தொடங்கிறது? என்ர தெரிவு மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு. தன்னார்வலர்கள் மொழிபெயர்த்த தமிழ் அதில ஏற்கெனவே இருக்கு. ரிசோர்ஸ் பேக் ஒண்டுக்குள்ள சின்ன ஜேசன் கோப்பு வைச்சால் அந்தச் சொற்களை மாத்தலாம். அதுக்கு நோட்பேட் காணும். ஒரு கமா பிழைச்சாலும் உங்கட சொற்கள் வராது. அந்தப் பிழையைத் தேடிப் பிடிக்கிறதுதான் முதல் பாடம். வேலிக் கேட்டுக்கு "படலை" எண்டு போடலாமா எண்டு அம்மம்மாவிட்டக் கேட்கிறது இரண்டாவது பாடம்.

இன்னொரு காரணமும் இருக்கு. ஜார் கோப்பாக வாற மாட் ஒரு முழு புரோகிராம். உங்கட கணினியில என்னவும் செய்யும். 2023 ஜூனில் ஃபிராக்சரைசர் என்ற மால்வேர், கர்ஸ்ஃபோர்ஜ் போன்ற பிரபல தளத்திலேயே சில மைன்கிராஃப்ட் மாட்களுக்குள் புகுந்து கடவுச்சொற்களைத் திருடியது. ரிசோர்ஸ் பேக்கில இருக்கிறது படம், சத்தம், எழுத்து மாதிரியானதுகள்தான். அதால தொடக்கத்துக்கு அது பயமில்லாத வழி.

பிறகு பெரிய மாட்களுக்குப் போகேக்க மூண்டு பழக்கம் வேணும்: முதல்ல சேவ் கோப்பைப் பிரதி எடுங்கோ; கேமின்ர வெர்ஷனும் மாட்டின்ர வெர்ஷனும் பொருந்துதா எண்டு பாருங்கோ; ஒரு நேரத்தில ஒரு மாட் மட்டும் போடுங்கோ. பத்தை ஒண்டாப் போட்டு கேம் கிராஷ் ஆனால், எது குற்றவாளி எண்டு ஆருக்கும் தெரியாது.

உங்கட வீட்டில எந்தச் சொல்லை முதல்ல மாத்தினீங்கள் எண்டு எழுதி அனுப்புங்கோ. அடுத்த எபிசோடில வாசிப்பம்.