விளையாட்டால் அறிவு வளருமா?

தேயிலைத் தோட்டங்கள் சூழப் பெரியாற்றங்கரையில் அமைந்த ஊர் வண்டிப்பெரியார். கொழுந்தை எடைபோட்டுவிட்டு மாலையில் வீடு திரும்பும் தாயின் கைப்பேசிக்காகத் தோட்டக் குடியிருப்புகளில் பிள்ளைகள் காத்திருக்கின்றனர். காணொளி விளையாட்டு மூளையைக் கூர்மையாக்கும் என்பது பிள்ளைகளின் வாதம். கண்ணும் பொழுதும் கெடும் என்பது பெற்றோரின் வாதம். இவற்றுள் எது மெய்?

பிள்ளைகளின் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்களான கிரீன், பவேலியர் இருவரும் 2003ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதிரடி விளையாட்டுகளை ஆடுவோர், ஒரே நேரத்தில் தோன்றும் பல பொருள்களைக் கவனிப்பதில் ஆடாதோரை விஞ்சினர். ஆடாதோர்க்குப் பத்து நாள் பயிற்சி அளித்தபோது அவர்களிடமும் முன்னேற்றம் காணப்பட்டது.

எனினும், பார்வைக் கூர்மை வேறு, அறிவு வேறு. 2010ஆம் ஆண்டு அதே இதழில் வெளியான மற்றோர் ஆய்வில் 11,430 பேர் ஆறு வாரம் கணினியில் மூளைப் பயிற்சி செய்தனர். பயின்றவற்றில் தேர்ச்சி பெற்றனர். பயிலாத புதிய சோதனைகளில் அத்தேர்ச்சி அவர்களுக்குக் கைகொடுக்கவில்லை.

சதுரங்கமும் இதனையே காட்டுகிறது. உண்மையான ஆட்டத்தின் காய்நிலையை ஐந்து நொடி நோக்கிய வல்லுநர், அதனை நினைவிலிருந்து அடுக்கிக் காட்டினார். காய்களைத் தாறுமாறாக வைத்தபோதோ, புதியவரைப் போலவே தடுமாறினார். சேஸ், சைமன் என்னும் அறிஞர்கள் 1973இல் இதனை விளக்கினர்.

இவ்வுண்மைக்குத் தோட்டத்திலேயே சான்று உண்டு. இரண்டிலையும் மொட்டும் சேர்ந்த கொழுந்தைத் தாயின் விரல்கள் நொடியில் இனங்கண்டு கிள்ளுகின்றன. அது பல ஆண்டுப் பழக்கம் தந்த அரிய திறன். ஆயினும் அவர் கணக்குக் கற்க விரும்பினால், கணக்கைத்தான் பயில வேண்டும்.

ஆகவே, விளையாடுதல் குற்றமன்று. அதனைப் படிப்புக்கு ஈடாகக் கருதுவதே பிழை. வீட்டில் தமிழும் கடைவீதியில் மலையாளமும் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பழகும் பிள்ளைக்கு ஒவ்வொரு மொழியும் தனக்குரிய பொழுதைக் கேட்கிறது. மேலும், ஒரு வீட்டில் ஒரு கைப்பேசியே இருக்குமானால், அண்ணன் ஆடும் ஒரு மணி நேரம் தங்கை பாடம் கேட்க வேண்டிய ஒரு மணி நேரமும் ஆகும். அளவாக ஆடி, உரிய நேரத்தில் அதனைத் தங்கையிடம் கொடுப்பவனே அறிவுடையவன். அவ்வறிவை எந்த விளையாட்டும் கற்றுத் தருவதில்லை.