நறநற என்று பல் கடிக்கும் பிள்ளை! அடிக்காதீர்கள், கவனியுங்கள்

நள்ளிரவு. ஊர் அடங்கிவிட்டது. பிள்ளை அயர்ந்து தூங்குகிறான். திடீர் என்று "நறநற" என்று ஒரு சத்தம். மணலை அரைப்பது போல இருக்கும். பிள்ளை பல்லைக் கடிக்கிறான்!

"வயிற்றில் பூச்சி. மருந்து கொடு" என்பார் அம்மாயி. "பல் கடித்தால் குடும்பத்துக்கு ஆகாது. வாயில் ஒரு தட்டுத் தட்டு" என்பார் பக்கத்து வீட்டு அம்மாள். காலையில் பிள்ளைக்குத் திட்டு விழும். எதற்குத் திட்டு என்று அவனுக்குத் தெரியாது. இரவில் நடந்தது அவனுக்கு நினைவே இல்லை!

தூக்கத்தில் பல் கடிப்பது குற்றம் அல்ல. கெட்ட சகுனமும் அல்ல. வேண்டும் என்று யாரும் அதைச் செய்வது இல்லை. பல் கடித்ததற்காகப் பேரனை அடிப்பதும், குறட்டை விட்டதற்காகத் தாத்தாவை அடிப்பதும் ஒன்றுதான்.

பூச்சிதான் காரணமா?

பூச்சிதான் காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. பூச்சி இல்லாத பிள்ளைகளும் பல் கடிக்கிறார்கள்.

அதற்காகப் பூச்சி மாத்திரை வேண்டாம் என்று சொல்லவில்லை. 2015-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் குடற்புழு நீக்க நாள் நடக்கிறது. 1 வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்குப் பள்ளிக்கூடத்திலும் அங்கன்வாடியிலும் இலவசமாக மாத்திரை தருகிறார்கள். தவறாமல் கொடுங்கள். உடம்பில் ரத்தம் குறையாமல் இருக்க அது உதவும். ஆனால், "மாத்திரை கொடுத்தாயிற்று, இனிப் பல் கடிக்கமாட்டான்" என்று இருந்துவிடாதீர்கள்.

பின் ஏன் கடிக்கிறார்கள்?

நாம் இரவு முழுவதும் ஒரே மாதிரி தூங்குவது இல்லை. இடையிடையே மூளை சில விநாடிகள் லேசாக விழிக்கும். நமக்கு அது தெரியாது. அந்த நேரத்தில் இதயம் சற்று வேகமாகத் துடிக்கும். தாடைச் சதை இறுகும். பல்லோடு பல் உரசும். "நறநற" சத்தம் அப்போதுதான் வருகிறது.

கவலை இதை அதிகமாக்கும். புகை, மது, அளவுக்கு மிஞ்சிய காப்பி, டீ எல்லாம் அதிகமாக்கும். மனநோய்க்குத் தரும் சில மாத்திரைகளாலும் வரலாம். ஆனால், டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது. குறட்டை விட்டு, மூச்சுத் திணறித் தூங்குபவர்களிடமும் இது உண்டு.

2020-ல் கொரோனா வந்து உலகமே நடுங்கியது. அப்போது பல் கடிப்பவர்களும், பல் விரிந்து உடைந்தவர்களும் அதிகமாக வருகிறார்கள் என்று அமெரிக்கப் பல் டாக்டர்கள் சொன்னார்கள். மனத்தில் இருக்கும் பயம் பல்லில் வந்து நிற்கிறது!

ராசிபுரத்துக்கு ஒரு கேள்வி

நாமக்கல் மாவட்டம் முட்டைக்கும் லாரிக்கும் பெயர் போனது. விடுதிப் பள்ளிக்கூடங்களுக்கும் பெயர் போனது. ராசிபுரம் பக்கம் எந்தெந்த ஊரிலிருந்தோ பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்கிறார்கள். எல்லாம் மார்க்குக்காக!

2017-ல் தமிழக அரசு, பொதுத் தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. நல்ல காரியம். ஆனால் அதே ஆண்டில்தான் டாக்டர் படிப்புக்கு 'நீட்' தேர்வு இங்கே கட்டாயம் ஆயிற்று. ரேங்க் போயிற்று, பயம் போகவில்லை.

வீட்டில் பிள்ளை பல் கடித்தால் தாயின் காதில் விழும். விடுதியில் யார் காதில் விழும்? பக்கத்துப் பாய்ப் பையனின் காதில் விழும். காலையில் அவன் கேலி செய்வான். கேலி செய்கிறவனுக்குச் சேதி தெரியும். பெற்றவர்களுக்குத் தெரியாது. இது சரியா?

"கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு படி" என்று நாம்தான் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அவர்களும் கடிக்கிறார்கள். பகலில் மட்டும் அல்ல, இரவிலும்!

பல் கடிக்கும் பிள்ளைகள் எல்லோரும் பயந்தவர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவேண்டாமா? விடுதிக் காப்பாளர் அதைப் பெற்றோருக்குச் சொல்லவேண்டும். பார்க்க வரும் பெற்றோர், "மார்க் எத்தனை?" என்று ஆரம்பிக்க வேண்டாம். "தூக்கம் வருகிறதா? காலையில் தாடை வலிக்கிறதா?" என்று முதலில் கேட்கட்டும்.

என்ன செய்யவேண்டும்?

பால் பல் உள்ள சிறு பிள்ளை என்றால் பெரும்பாலும் பயம் இல்லை. பால் பற்கள் 20-ம் விழுந்து புதுப் பல் முளைக்கும். வளர வளர இந்தப் பழக்கம் தானாகவே போய்விடுவது உண்டு.

பெரிய பிள்ளைகளும் பெரியவர்களும் அப்படி இருந்துவிடக் கூடாது. பல்லின் மேல் ஓட்டுக்கு எனாமல் என்று பெயர். எலும்பைவிடக் கெட்டியானது. ஆனால் ஒரு முறை தேய்ந்தால் திரும்ப வளராது. காலையில் தாடை வலி, நெற்றிப்பொட்டில் வலி, பல் கூச்சம், பல் நுனி தட்டையாகத் தேய்வது: இவை அடையாளங்கள். இருந்தால் பல் டாக்டரிடம் காட்டுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் முதலில் விசாரியுங்கள். திருச்செங்கோட்டிலும் சேலத்திலும் பல் மருத்துவக் கல்லூரிகளே இருக்கின்றன.

டாக்டர் பல்லை அளவெடுத்து ஓர் உறை செய்து தருவார். இரவில் மாட்டிக்கொள்ளலாம். அது பல் தேயாமல் காக்கும். ஆனால் கடிப்பதை அடியோடு நிறுத்திவிடாது. அதற்கு மாத்திரையும் இல்லை, மந்திரமும் இல்லை. காரணத்தைத்தான் தேடவேண்டும்.

வீட்டிலும் சில காரியங்கள் செய்யலாம். பொழுது சாய்ந்த பிறகு காப்பி, டீ வேண்டாம். படுக்கையில் போன் வேண்டாம். புகையும் மதுவும் எப்போதுமே வேண்டாம். லாரி ஓட்டும் அண்ணன்மாரும், தறி ஓட்டும் அண்ணன்மாரும் இதைக் கவனிக்கவேண்டும். பகலில் சும்மா இருக்கும்போது உதடு மூடி இருக்கட்டும்; மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடாமல் இருக்கட்டும். சாப்பிடும்போது தொட்டால் போதும்.

பெற்றோர்களே! மார்க் இந்த ஆண்டு குறைந்தால் அடுத்த ஆண்டு வாங்கலாம். தேய்ந்த பல்லைத் திரும்ப வாங்க முடியாது. "பல்லைக் கடித்துக்கொண்டு படி" என்பதை விடுங்கள். "நேரத்தோடு தூங்கு, காலையில் படிக்கலாம்" என்று சொல்லுங்கள்.