டிவி முன்னாடி டேப் ரெக்கார்டர் வைத்த பசங்க... 'டாக்டர் ஹூ' 60 வருஷமா சாகாத கதை!

ஒரு சீரியலில் ஹீரோ செத்துப்போனால் என்ன ஆகும்? கதை முடியும். 'டாக்டர் ஹூ'வில் ஹீரோ செத்தால் வேறு ஒரு முகத்தோடு எழுந்து உட்கார்ந்து, அடுத்த வாரமும் வருவார். 2025 மே 31 அன்று அதுதான் நடந்தது. பதினைந்தாவது டாக்டராக நடித்த ஷூட்டி காட்வா ஒளிவெள்ளத்தில் மறைய, அந்த இடத்தில் வந்து நின்றது பில்லி பைப்பர். 2005-ல் டாக்டரோட தோழி ரோஸாக வந்த அதே பில்லி பைப்பர்! அடுத்த டாக்டர் இவங்கதானா, இல்லை வேறு ஏதாவது ட்விஸ்ட்டா? டைட்டில் கார்டில்கூட தெளிவாகச் சொல்லவில்லை. ரசிகர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டு இருந்தபோதே, அக்டோபரில் அடுத்த இடி. உலகம் முழுக்க சீரியலைக் கொண்டுபோன டிஸ்னி ப்ளஸ், கூட்டணியிலிருந்து விலகியது. 2026 கிறிஸ்துமஸுக்கு ஒரு ஸ்பெஷல் எபிசோட் உண்டு, ரஸ்ஸல் டி. டேவிஸ் எழுதுவார் என்று பிபிசி அறிவித்தது.

'ஆக, டாக்டர் ஹூ முடிஞ்சதா?' என்று நீங்க கேட்டால், இந்தக் கேள்விக்கே நாற்பது வயசாகுது பாஸ். 1985-ல் பிபிசி சீரியலுக்கு 18 மாத இடைவெளி விட்டது. கொதித்துப்போன ரசிகர்கள் ஒரு பாட்டையே ரெக்கார்ட் செய்து வெளியிட்டார்கள். (பாட்டு படுமோசம். அதை ரசிகர்களே ஒத்துக்கொள்வார்கள்.) 1989 டிசம்பரில் நிஜமாகவே மூடுவிழா. 1996-ல் வந்த ஒரு டிவி படத்தைத் தவிர 2005 வரை திரையில் ஒன்றுமே இல்லை.

இங்கேதான் நாம கொஞ்சம் நின்று பார்க்கணும். சீரியல் இல்லாத அந்த வருஷங்களில் ரசிகர்கள் சும்மா புலம்பிக்கொண்டு இருக்கவில்லை. நாவல் எழுதினார்கள், ஆடியோ நாடகம் போட்டார்கள். 1996-ல் 'டாக்டர் ஹூ' நாவல் ஒன்றை எழுதியவர்தான் ரஸ்ஸல் டி. டேவிஸ். ஒன்பது வருஷம் கழித்து சீரியலுக்கு உயிர் கொடுத்ததும் அவரே. பால் கார்னெல் 1995-ல் எழுதிய 'ஹியூமன் நேச்சர்' நாவல், 2007-ல் டேவிட் டெனன்ட் நடிக்க டிவி எபிசோடாகவே வந்தது. அந்த டெனன்ட், சின்ன வயசில் ஐந்தாவது டாக்டர் பீட்டர் டேவிசனைப் பார்த்து வளர்ந்த பையன். பிறகு தானே பத்தாவது டாக்டராகி, டேவிசனுக்கே மருமகனும் ஆனார்! பன்னிரண்டாவது டாக்டர் பீட்டர் கபால்டி, 15 வயசில் 'ரேடியோ டைம்ஸ்' பத்திரிகைக்கு 'டாக்டர் ஹூ'வைப் பாராட்டி வாசகர் கடிதம் போட்டவர்.

ஆனால், இதையெல்லாம்விடப் பெரிய வேலையைச் செய்தவர்கள் பெயர் நிறைய பேருக்குத் தெரியாது. அறுபதுகளில் வீடியோ டேப் விலை அதிகம். அதனால், ஒளிபரப்பி முடிந்த நிகழ்ச்சியை அழித்துவிட்டு அதே டேப்பில் வேறு நிகழ்ச்சியைப் பதிவு செய்வது பிபிசியில் வழக்கம். மறு ஒளிபரப்புக்கு நடிகர் சங்க ஒப்பந்தங்களில் கட்டுப்பாடுகள் வேறு. 'பழசை யாரு பார்க்கப்போறா?' என்ற நினைப்பு. முதல் ஆறு வருஷங்களில் வந்த 253 எபிசோடுகளில் பாதிக்கும் மேல் இப்படி பிபிசி கையைவிட்டுப் போயின.

அப்போது வீட்டில் வீடியோ ரெக்கார்டர் கிடையாது. இருந்தது டேப் ரெக்கார்டர் மட்டும்தான். சில ரசிகப் பசங்க அதை எடுத்துவந்து, டிவி ஸ்பீக்கர் முன்னாடி மைக்கை வைத்து ஒலியை மட்டும் பதிவு செய்தார்கள். 'யாரும் பேசாதீங்க' என்று வீட்டில் எத்தனை பேரிடம் கெஞ்சியிருப்பார்களோ! யாரும் கேட்காத வேலை, காசும் கிடையாது. அந்தப் பசங்களால்தான், படம் தொலைந்துபோன அத்தனை எபிசோடுகளின் ஒலியும் இன்று நம்மிடம் இருக்கிறது. 2016-ல் 'தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்' கதையை அனிமேஷனாக்கியபோது, அதில் கேட்பது 1966-ன் நிஜக் குரல்கள்தான்.

வெளிநாட்டு டிவிகளுக்கு விற்கப்பட்ட ஃபிலிம் பிரதிகளைத் தேடி அலைந்தவர்கள் இன்னொரு பக்கம். ஹாங்காங்கிலிருந்து ஒரு முழுக் கதை திரும்பி வந்தது. 2013-ல் நைஜீரியாவில் ஒரே இடத்தில் ஒன்பது எபிசோடுகள் கிடைத்ததாக அறிவிப்பு வந்தது. அதுவரை 106 ஆக இருந்த 'காணவில்லை' பட்டியல் 97 ஆகக் குறைந்தது.

ரசிகர்களைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் முன் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாகணும். 2017-ல் ஜோடி விட்டேக்கர் முதல் பெண் டாக்டராக அறிவிக்கப்பட்டபோது, 'டாக்டர் எப்படிப் பெண்ணாகலாம்?' என்று கத்தியதும் ரசிகர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள்தான். இந்த சீரியலின் முதல் தயாரிப்பாளரே வெரிட்டி லாம்பர்ட் என்ற இளம்பெண். முதல் கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். அது தெரிந்தும் கத்தினார்களா, தெரியாமல் கத்தினார்களா? என் பார்வையில் இன்னொரு சிக்கலும் இருக்கு. ரசிகர்களே எழுத்தாளர்களானதும் பழைய வில்லன், பழைய தோழி, பழைய ரெஃபரன்ஸ் என்று கதை உள்ளுக்குள்ளேயே சுற்ற ஆரம்பித்துவிட்டது. புதுசாகப் பார்க்க உட்காருபவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. பில்லி பைப்பர் ட்விஸ்ட் எனக்கு அப்படித்தான் பட்டது.

சரி, டிஸ்னி போனதில் நமக்கு என்ன? 'எல்லாம்தான் ஸ்ட்ரீமிங்ல இருக்கே' என்று நாம நிம்மதியாக இருக்கிறோம். 2023-ல் தன் ஒரிஜினல் தொடரான 'வில்லோ'வை, வந்து சில மாதங்களிலேயே டிஸ்னி ப்ளஸ் தன் தளத்திலிருந்து தூக்கியது. அதே ஆண்டு பிபிசி 800-க்கும் மேற்பட்ட 'டாக்டர் ஹூ' எபிசோடுகளை ஐபிளேயரில் ஏற்றியபோது, எல்லாவற்றுக்கும் ஆரம்பமான 1963-ன் முதல் கதை மட்டும் அதில் இல்லை. எழுத்தாளரின் குடும்பத்தோடு உரிமைச் சிக்கல். அன்றைக்கு டேப் ரெக்கார்டர் அந்தப் பையன் கையில் இருந்தது. இன்றைக்கு நம்ம போன்ல இருப்பது சந்தா மட்டும்தான். டவுன்லோடு பட்டனை அழுத்தினாலும் அதற்கும் ஒரு காலாவதி தேதி உண்டு.

வாய்ப்பு கிடைத்தால் 'தி வெப் ஆஃப் ஃபியர்' பாருங்க. லண்டன் சுரங்க ரயில் பாதையில் ரோபோ எட்டிகள் உலவும் 1968 கதை. நைஜீரியாவில் கிடைத்தவற்றில் இதுவும் ஒன்று. மொத்தம் ஆறு எபிசோடுகள். இரண்டாவது முடிந்து மூன்றாவதுக்குப் போனால், அதன் படம் மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை. அசையாத புகைப்படங்களோ, அனிமேஷனோதான் ஓடும். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்க. யாரோ ஒரு பையன் வீட்டு ஹாலில் பதிவான சத்தம் அது.